பிளஸ் டூ முடிந்தது: நம் பிள்ளைகளின் இடம் எங்கே நழுவுகிறது?

2025 மே 8ஆம் தேதி தமிழகத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாயின. தேர்வு எழுதிய சுமார் 7 லட்சத்து 92 ஆயிரம் பேரில் 95.03 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றுள்ளனர். மாணவிகள் 96.70 விழுக்காடு, மாணவர்கள் 93.16 விழுக்காடு. அன்று மாலையே நம் வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைகளின் புகைப்படங்களும் மதிப்பெண்களும் வலம் வந்தன. பல ஊர்களில் ஜமாஅத் நிர்வாகிகள் சால்வை போர்த்தி, பரிசு கொடுத்துப் பாராட்டினார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிக்குரிய செய்திதான்.

ஆனால் அன்று சால்வை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஆகஸ்ட் மாதம் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்து வெளியே வருகிறார்கள் என்று நம் மஹல்லாக்களில் பெரும்பாலும் யாரும் கணக்கு எடுப்பதில்லை. தேர்வு முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று மாதங்களில்தான் நம் பிள்ளைகளில் பலர் காணாமல் போகிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 14.2 விழுக்காடு. மத்திய கல்வி அமைச்சகம் வெளியிடும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, 2021-22ஆம் ஆண்டில் உயர்கல்வியில் இருந்த சுமார் 4.33 கோடி மாணவர்களில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 19 லட்சமாகச் சரிந்திருந்தது. 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை வந்தபோது நாம் பேசிய பேச்சும், இன்று பேசும் பேச்சும் ஒன்றாகவே இருக்கின்றன. தமிழக முஸ்லிம்களின் நிலை வட மாநிலங்களைவிட மேல் என்பது உண்மை. அந்த ஆறுதலிலேயே நாம் நின்றுவிடுகிறோம் என்பதும் உண்மை.

நம் பிள்ளைகள் எல்லோரும் மதிப்பெண் இல்லாமல் பின்தங்கவில்லை. மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் இல்லாமல், தேதி தெரியாமல், தவறான ஆள் சொல்லைக் கேட்டு, வீட்டில் கேட்க ஆள் இல்லாமல் பின்தங்குகிறார்கள். இவை அனைத்தும் நம் கையில் உள்ளவை.

முதல் நழுவல்: ஒரு துண்டுக் காகிதம்

2007ஆம் ஆண்டு தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. நீண்ட காலக் கோரிக்கைக்கும் போராட்டத்துக்கும் பிறகு கிடைத்த உரிமை இது. 200 இடங்களில் 7 இடம். இது போதாது, உயர்த்த வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் கிடைத்த ஏழு இடத்துக்கு நாம் சரியாக விண்ணப்பிக்கிறோமா?

இந்த ஒதுக்கீடு முஸ்லிம் என்ற பெயருக்குத் தானாகக் கிடைப்பதல்ல. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகளுக்கே அது உரியது. சாதிச் சான்றிதழில் அந்தப் பிரிவின் பெயர் இருக்க வேண்டும். பள்ளி ஆவணங்களில் வெறுமனே 'இஸ்லாம்' என்றோ 'முஸ்லிம்' என்றோ எழுதியிருக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். விண்ணப்பிக்கும் கடைசி வாரத்தில் இது தெரிந்து, இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஓடுகிறார்கள். சான்றிதழ் கைக்கு வராவிட்டால் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்தவர் பொதுப் பிரிவிலேயே இடம் பெறுவது வேறு விஷயம். இடைப்பட்ட மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அந்த ஒரு காகிதம்தான் அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் இடையே உள்ள வித்தியாசம்.

மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஜிப்மர், மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்ற வருமான வரம்பு உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள நமது பிரிவு மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் யாரும் பட்டம் படித்திராவிட்டால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கலாம். பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இந்தச் சலுகை என்பதால், எந்தப் பிள்ளைக்குப் பயன்படுத்துவது என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

இவை எல்லாம் பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்.

இரண்டாம் நழுவல்: 'இடம் பிடித்துத் தருகிறோம்'

தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதமே தரகர்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். "இப்போது முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், பிறகு கிடைக்காது" என்று அவசரப்படுத்துகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தந்தை, பிள்ளைக்கு எங்கேயாவது இடம் கிடைத்தால் போதும் என்று பணம் அனுப்பிவிடுகிறார். பிறகு மதிப்பெண் வருகிறது. அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கலந்தாய்வு மூலமே சேர்ந்திருக்கலாம் என்று அப்போது தெரிகிறது. கட்டிய பணத்தையும் கொடுத்த அசல் சான்றிதழ்களையும் திரும்பக் கேட்டு அலைய வேண்டியதாகிறது. இப்படி ஒரு வீடாவது இல்லாத மஹல்லா இருக்குமா?

கணக்கு எளிமையானது. பொறியியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. தனியார் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசின் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. கடந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பாடப்பிரிவிலும், நமது ஒதுக்கீட்டில் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணுக்குப் போனது என்ற விவரம் இணையத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தால் தரகர் சொல்வது உண்மையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கலந்தாய்வில் நாம் செய்யும் இன்னொரு தவறு, விருப்பப் பட்டியலில் நான்கைந்து கல்லூரிகளை மட்டும் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது. எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். மிகவும் விரும்பும் இடத்தை மேலேயும், கட்டாயம் கிடைக்கக்கூடிய இடத்தைக் கீழேயும் போட்டு நீளமான பட்டியல் கொடுப்பவருக்கே நல்ல இடம் அமைகிறது. 2025ஆம் ஆண்டு விண்ணப்பப் பதிவு ஜூன் முதல் வாரம் வரை நடந்தது. இன்னும் பதிவு செய்யாத பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், இந்தக் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் இதே விழிப்பு வேண்டும். நம் முன்னோர்கள் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியையும், 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியையும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும், 1955இல் அதிராம்பட்டினத்தில் காதர் முகைதீன் கல்லூரியையும் எழுப்பினார்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதே அந்தப் பெருமக்களின் எண்ணம். இத்தகைய அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் உதவிபெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் நடப்பதுண்டு. பாடத்திட்டம் ஒன்று, பட்டமும் ஒன்று. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். எந்தப் பிரிவில் சேர்க்கிறோம் என்று கேட்டுச் சேர்க்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணம் இன்னும் குறைவு. அங்கே விண்ணப்பிக்காமலேயே "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று ஒதுங்குவது நம் பழக்கமாகிவிட்டது.

மூன்றாம் நழுவல்: அன்றைய வளைகுடா இன்று இல்லை

"படித்து என்ன செய்யப் போகிறான்? மாமா விசா அனுப்புகிறார்" என்ற ஒரு வார்த்தையில் நின்றுபோன படிப்புகள் எத்தனை! அந்த விசாவால்தான் நம் வீடுகள் ஓட்டிலிருந்து மாடிக்கு மாறின, தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நம் தந்தையர் போன வளைகுடாவும் இன்றைய வளைகுடாவும் ஒன்றல்ல.

சவுதி அரேபியா 2011இல் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்து, கடைகளிலும் அலுவலகங்களிலும் தன் குடிமக்களுக்கு இடம் ஒதுக்கத் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள தனியார் நிறுவனங்களில், திறன்சார் பணிகளில் ஆண்டுக்கு 2 விழுக்காடு வீதம் தன் மக்களைச் சேர்க்கச் சொன்னது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற பணிகளுக்குக்கூட சவுதி இப்போது திறன் தேர்வு வைக்கிறது. சும்மா போய் அங்கே கற்றுக்கொள்ளலாம் என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

பட்டம் பெற்றுப் போனவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. 2018இல் குவைத், பொறியாளர் என்ற பெயரில் பணி அனுமதியைப் புதுப்பிக்க, என்.பி.ஏ. எனப்படும் நமது தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பைத்தான் படித்திருக்க வேண்டும் என்று கேட்டது. பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியாளர்கள் பலர், தாங்கள் படித்த பாடப்பிரிவுக்கு அந்த அங்கீகாரம் இல்லை என்று தெரிந்து திகைத்து நின்றார்கள். கல்லூரியில் சேரும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து வேலையையே ஆட்டிப் பார்த்தது.

ஆகவே வளைகுடாவுக்குத்தான் அனுப்பப் போகிறோம் என்று முடிவு செய்திருக்கும் பெற்றோரும், பிள்ளையை ஒரு தொழிலோடும், செல்லுபடியாகும் சான்றிதழோடும் அனுப்புங்கள். பிளஸ் டூ முடித்தவர் அரசு ஐ.டி.ஐ.யில் தொழில் பயிலலாம். தகுதியான பாடப்பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். பதினெட்டு வயதில் கையில் எதுவும் இல்லாமல் போகிறவனும், இருபது வயதில் டிப்ளமோவோடு போகிறவனும் ஒரே விமானத்தில் போனாலும் ஒரே சம்பளத்துக்குப் போவதில்லை.

ஒரே வாசலில் நெருக்கடி

மதிப்பெண் எடுத்தவர் எல்லாம் மருத்துவம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறோம். நீட் தேர்வில் உள்நாட்டு இடம் கிடைக்காதவர்களை இப்போது வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். முகவர்கள் சுற்றி வருகிறார்கள். அனுப்புவது தவறல்ல. ஆனால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளைப் படித்துவிட்டு அனுப்ப வேண்டும். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி, ஆங்கில வழிப் பாடம் ஆகியவை கட்டாயம். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வில் 50 விழுக்காடு எடுத்தால்தான் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அந்தத் தேர்வில் ஒவ்வொரு முறையும் தேர்ச்சி பெறுவோரைவிடத் தவறுவோரே அதிகம். வீட்டை விற்று அனுப்பும் முன் முகவரிடம் கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டுமல்ல, அந்தக் கல்லூரியில் படித்துத் திரும்பியவர்களில் எத்தனை பேர் இங்கே மருத்துவராகப் பணியாற்றுகிறார்கள் என்பதையும்தான்.

மறுபுறம் சில வாசல்களில் நம்மவர் கூட்டமே இல்லை. நாம் வணிகச் சமுதாயம். ஜவுளி, தோல், மளிகை, நகை என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதியவர்கள். ஆனால் நம் கடைகளின் கணக்கைத் தணிக்கை செய்ய நாம் வெளியே ஆடிட்டர் தேடுகிறோம். சி.ஏ. படிப்புக்குக் கலந்தாய்வும் இல்லை, நன்கொடையும் இல்லை. பிளஸ் டூ முடித்ததும் பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். இப்போது அது ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. பி.காம். படித்துக்கொண்டே தொடரலாம். கடினமான படிப்புதான், ஆனால் பொறியியல் கல்லூரி ஒன்றின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

சட்டமும் அப்படித்தான். வக்ஃபு சொத்து, குடும்ப வழக்கு, குடியுரிமை என்று நாம் ஏறாத நீதிமன்றப் படி இல்லை. ஐந்தாண்டு சட்டப் படிப்பை அரசு சட்டக் கல்லூரிகளில் மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பட்டம் படித்தாலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளிலும் அதே 3.5 விழுக்காடு காத்திருக்கிறது. 2021 முதல் அங்கே தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயமாகியிருப்பதால், உருது வழியில் படித்த பிள்ளைகள் தமிழில் இப்போதே கவனம் செலுத்த வேண்டும்.

பெண் பிள்ளைகளின் மதிப்பெண் எங்கே போகிறது?

மாநில முடிவில் மாணவிகளே முந்துகிறார்கள். நம் பள்ளிகளிலும் அதே நிலைதான். ஆனால் அதிக மதிப்பெண் எடுத்த மகள் உள்ளூரில் கிடைத்த படிப்பில் சேர்வதும், குறைந்த மதிப்பெண் எடுத்த மகன் வெளியூரில் பணம் கட்டிச் சேர்வதும் நம் வீடுகளில் சாதாரணம். பாதுகாப்பு, பயணம், விடுதி பற்றிப் பெற்றோருக்கு உள்ள கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு தேடலாம். நம்மவர் நடத்தும் மகளிர் கல்லூரிகள், அரசு மகளிர் கல்லூரிகள், ஒரே பகுதியிலிருந்து நான்கைந்து மாணவிகள் சேர்ந்து போய்வர வாகன ஏற்பாடு என்று வழிகள் உண்டு. வழி தேடாமலேயே படிப்பை நிறுத்துவது கவலையாகாது. நம் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும், ஆசிரியை வேண்டும், வழக்கறிஞர் வேண்டும் என்று விரும்புகிற நாம், அவர்களை எந்த வீட்டிலிருந்து எதிர்பார்க்கிறோம்?

பணம் தடையா?

உதவிகள் சுருங்கியிருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை மத்திய அரசு 2022 டிசம்பரில் நிறுத்தியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகையும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. இதைக் கண்டித்துப் பேசினோம், பேசவும் வேண்டும். அதே நேரம் இருப்பதை விட்டுவிடக் கூடாது.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்றவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை என்பதை, ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும் பெற்றோர் இப்போதே மனதில் வைக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்தத் திட்டங்களில் அரசுப் பள்ளி மாணவர்களோடு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் பயன்பெறலாம்.

வட்டிக் கடன் வாங்கிப் படிக்க வைக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு முதல் பதில் குறைந்த கட்டணம் உள்ள அரசு இடம்தான். அதனால்தான் சான்றிதழையும் கலந்தாய்வையும் இவ்வளவு நேரம் பேசினோம். இரண்டாவது பதில் நம் பைத்துல்மால். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவும் பைத்துல்மால்கள், கல்விக்கென வட்டியில்லாக் கடன் நிதியைத் தனியே வைத்தால் என்ன? படித்து வேலைக்குப் போன பிள்ளை திருப்பித் தரும் பணத்தில் அடுத்த பிள்ளை படிக்கும்.

மஹல்லா செய்ய வேண்டியவை

பெரிய மாநாடு தேவையில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மஹல்லாவில் பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளின் பெயர், பாடப்பிரிவு, எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது இல்லை என்று எழுதினால் போதும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானது.

மே, ஜூன் மாதங்களில் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசையும், இணைய இணைப்புள்ள ஒரு கணினியும் வைத்து, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளையே உட்கார வைக்கலாம். சென்ற ஆண்டு கலந்தாய்வில் கலந்துகொண்ட மாணவனைவிட நல்ல வழிகாட்டி இல்லை. சில ஊர்களில் இதைச் செய்கிறார்கள். பல ஊர்களில் மேசை இருக்கிறது, ஆள் இல்லை.

பிறகு ஆகஸ்டில் அதே நோட்டைத் திறந்து, யார் எங்கே சேர்ந்தார்கள், யார் எங்கும் சேரவில்லை என்று குறிக்க வேண்டும். எங்கும் சேராத பிள்ளையின் வீட்டுக்கு இருவர் போய் ஏன் என்று கேட்க வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அதில் தேறினால் இந்த ஆண்டே சேர முடியும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று மாமாவிடமும் மச்சானிடமும் தரகரிடமும் கேட்கிறோம். பிள்ளையிடம் கேட்கிறோமா? மூன்று நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பில் உட்காரப் போவது அவன்தான், அவள்தான். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் தொலைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் முழுமையாகக் கேளுங்கள். பிறகு செலவையும் வேலைவாய்ப்பையும் இருவருமாக எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

சால்வை போர்த்துவது நல்ல வழக்கம், தொடரட்டும். அடுத்த ஆண்டு சால்வை போர்த்தும் மேடையில் இந்த ஆண்டுப் பிள்ளைகளின் நோட்டையும் வாசிப்போம். எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று ஊரார் முன்னிலையில் சொல்வோம். அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு கூடினால், இன்ஷா அல்லாஹ், சச்சார் அறிக்கையின் அதே வரிகளை நம் பிள்ளைகளும் படித்துக்காட்ட வேண்டிய நிலை வராது.